என் வீட்டுக்காரர் பெயர்

காஜா பேராங், மலாக்கா
சுபானு வருஷம், ஆவணி மாதம்

சயாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, கமலவேணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ஆடும் நலம். கோழி மட்டும் இல்லை, அதை ஒரு சிப்பாய் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே தாங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

தேதிக்கு ஜப்பான் கணக்கில் 2603 என்று போட வேண்டும் என்கிறார்கள். அது யார் வீட்டு வருஷமோ, எனக்கு வேண்டாம். நான் நம்ம வருஷமே போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை டிரெஸர் கருணாகரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தெருக்கோடியில் குடியிருக்கிறாரே, புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர், அவர்தான். அவரையும் சயாம் முகாமுக்கு வைத்தியம் பார்க்கப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பாவம், அவர் பெண்சாதி அழுத அழுகைக்கு நடுவில் நான் கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். உறையின் மேல் பெயரை எழுதியது அப்பாசாமி அண்ணன். பக்கத்துச் செட்டி வீட்டுச் சிவகாமசுந்தரியின் புருஷன்தான். மலாக்காச் செட்டிகள் தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள், அவருக்குத் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார். தங்கள் பெயரை நான் எழுதமாட்டேன் என்பது தங்களுக்குத் தெரியாததா?

தாங்கள் போன அன்று சாயங்காலம் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர்த் தண்டவாளத்தைப் பெயர்த்து லோரியில் ஏற்றுகிற சோலிக்குத்தானே போனீர்கள்? ஏற்றியவர்களையும் சயாமில் ரயில் பாதை போட அதே லோரியில் ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போவான் என்று யார் கண்டது! சிவகாமசுந்தரி ஓடி வந்து மலாயில் சொன்னாள், எனக்கு முதலில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தம்பின் ரோடு வரைக்கும் ஓடினேன். புழுதிதான் இருந்தது. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொன்னார்களாம். பிரெஞ்சுக் குடி என்று தாங்கள் சொன்னதற்குக் கன்னத்தில் அறைந்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கையில் பத்திரம் இல்லாமல் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த வாய் எப்போதும் அப்படித்தான்.

இப்போது நல்ல சேதி. தகரப் பெட்டியின் அடியில் தங்களுடைய காரைக்கால் பிறப்புப் பத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பிரெஞ்சில்தான் இருக்கிறது, பெரிய முத்திரையோடு. பிரெஞ்சுக்காரன் ஜப்பானோடு சண்டையில் இல்லையாம். அதனால் காரைக்கால், புதுச்சேரிக்காரர்களைச் சயாமிலிருந்து திருப்பி அழைக்க வழி இருக்கிறதாம். இது சும்மா பேச்சு இல்லை. கடைவீதி மரைக்காயர் மகனை, சயாமுக்கு ரயிலேற்றுகிற தம்பின் ஸ்டேஷனிலிருந்து நிஜமாகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன், கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அதற்கு ஒரு ஜப்பான் ஆபீசர் இருக்கிறார். முன்னே சைகோனில் இருந்தவராம், பிரெஞ்சு நன்றாகப் பேசுவாராம். பத்திரத்தை எவனும் காசு கொடுத்து வாங்கலாம், நாக்கை வாங்க முடியாது என்பது அவர் கட்சி. அதனால் வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டில் பேசுகிற பேச்சாக நாலு கேள்வி பிரெஞ்சில் கேட்பாராம். பதில் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். மரைக்காயர் வீட்டம்மாளுக்குப் பிரெஞ்சு தாய்வீட்டுச் சொத்து. எனக்கு? மலாக்காவில் பிறந்த எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, கள்ளுக்கடையிலிருந்து வரும்போது தாங்கள் சொல்கிற அந்த ஒரே வார்த்தைதான்.

ஆகையால் படிக்கிறேன். சிரிக்க வேண்டாம். சொல்லிக்கொடுப்பவள் சாரதாம்பாள், என் வயதுதான், புதுச்சேரிக்காரி. பிரெஞ்சுத் துரை ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டுக்கு வந்தவள். சண்டை வந்ததும் துரை குடும்பம் கப்பலேறிவிட்டது, இவளைக் கரையில் விட்டுவிட்டார்கள். இப்போது சாலையோரம் ஊபிக் கிழங்குப் பலகாரம் விற்கிறாள். நான் அவளுக்குக் கிழங்கு துருவிக் கொடுப்பேன், அவள் எனக்குப் பேச்சு சொல்லித் தருவாள். அவள் பிரெஞ்சு முழுக்க அடுப்படிப் பிரெஞ்சு. சூப் சூடாக இருக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள், மதாம் வீட்டில் இல்லை. நல்லதாய்ப் போயிற்று, எனக்கும் அதுதானே வேண்டும்.

அந்தக் கள்ளுக்கடை வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டேன். சொன்னாள். வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

என்ன பாஷை இது! மேசை பெண்ணாம், கத்தி ஆணாம், ஜன்னல் பெண்ணாம். யார் போய்ப் பார்த்தது? எனக்குப் பசிக்கிறது என்பதை ‘ஜே ஃபேன்’ என்கிறார்கள், என்னிடம் பசி இருக்கிறது என்று அர்த்தமாம். அது மட்டும் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதாதாம், முன்னால் ‘ந’ என்று ஒன்று, பின்னால் ‘பா’ என்று ஒன்று. கிடுக்கியால் சட்டியைப் பிடிப்பதுபோல் நடுவில் வினையைப் பிடிக்க வேண்டும். தெரியாது என்றால் ‘ஜ ந சே பா’. முடியாது என்றால் ‘ஜ ந பே பா’. இது எனக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பெரியவர்களுக்கு ‘வூ’, அது நம்ம ‘நீங்கள்’. பிள்ளைகளுக்கும் நாய்க்கும் ‘தூ’. புருஷனையும் ‘தூ’ என்றுதான் சொல்வார்களாம். அடி பாவி, காறித் துப்புகிற மாதிரி இருக்கிறதே என்றேன். சாரதாம்பாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைப்போல. ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ‘ஓ ரெவுவார்’ என்கிறார்கள். மறுபடி பார்க்கிற வரைக்கும் என்று பொருளாம். அதைக் கேட்டதும் அந்த ஜனங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் தகராறு. ‘மோன் மரி சப்பெல்’ என்று ஆரம்பித்துத் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். என் கணவர் தம்மை இன்னார் என்று அழைத்துக்கொள்கிறார் என்று சொல்லுக்குச் சொல் அர்த்தமாம். அவர்தானே தம்மை அழைத்துக்கொள்கிறார், அப்போ அவரே வந்து சொல்லட்டும் என்றேன். சாரதாம்பாள் விடுகிறவளா? முருகன் கையில் இருக்கிறதைக் காட்டினேன். சாமி படத்தை நீ அங்கே கொண்டுபோக முடியாது, வாயால் சொல் என்கிறாள். தினமும் ‘மோன் மரி சப்பெல்’ வரைக்கும் வந்து நிறுத்திவிடுகிறேன். சோலி என்பதற்கு மற்றவர்கள் சொல்கிற சொல்லையே பத்து வருஷமாகச் சொல்லாதவள் நான். ஆபீசில் அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். பகையாளியிடம்கூட எதிர்த்துப் பேசாதீர்கள். எப்படியும் அழைத்துக்கொள்வேன். மாரியம்மன் துணை.

தங்கள் பாதம் வணங்கும்
கமலவேணி


காஜா பேராங்
ஐப்பசி மாதம்

சயாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, கமலவேணி எழுதுவது. நலம் விசாரிக்கத் தெம்பு இல்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கூப்பிட்டார்கள். போனேன். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், வேறு நல்ல புடவை அரிசிக்குப் போய்விட்டது. சாரதாம்பாள் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தாள், அவளை உள்ளே விடவில்லை.

அந்த ஆபீசர் கண்ணாடி போட்டவர், ஒல்லி. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ‘அசேயே வூ’ என்றார். உட்காருங்கள் என்று புரிந்து உட்கார்ந்தேன். அப்போதே அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், இரண்டு பேர் என்றேன். புருஷனுக்கு என்ன தொழில் என்றார், ‘ஷமேன் த ஃபேர்’ என்றேன். இரும்புப் பாதை என்றுதான் அவர்களும் ரயிலுக்குச் சொல்கிறார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். கிழங்கு, கிழங்கு, திரும்பவும் கிழங்கு என்றேன். சிரித்தேவிட்டார். எல்லாரும் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்று பிரெஞ்சிலேயே சொன்னார், அதுவும் எனக்குப் புரிந்தது. என் காது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்துவிட்டீர்கள் என்றே நினைத்துவிட்டேன்.

அப்புறம் பத்திரத்தில் தங்கள் பெயர் இருக்கிற இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ‘கொமான் சப்பெல் வோத்ர் மரி?’ என்று கேட்டார்.

புரியாமல் விழித்தேன் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்டதிலேயே லேசான கேள்வி அதுதான். உங்கள் கணவர் பெயர் என்ன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாகப் போனேன். ஆனால் அதற்கு முந்தின நாள் கோயிலில், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அங்கே காலராவாம். காலையில் மண் வெட்டுகிறவன் சாயங்காலம் இல்லையாம். என் சித்தி அலமேலு கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறிப் புருஷன் பெயரைச் சொன்னாள், அந்த வருஷமே தாலி போயிற்று. எல்லாம் மூடத்தனம் என்று தாங்கள் கேலி செய்வீர்கள், தெரியும். கேலி செய்வது தங்களுக்குச் சுலபம், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். தங்கள் ஆயுசில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியாத நேரத்தில், அதிலும் ஒரு பிடி அள்ள எனக்குக் கை வருமா? சொன்னால் பிழைப்பீர்கள் என்று ஒரு மனம். சொன்னால் போய்விடுவீர்கள் என்று ஒரு மனம்.

‘ஜ ந பே பா’ என்றேன். என்னால் முடியாது. பிழையில்லாமல் சொன்னேன், முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’.

திரும்பவும் ஒருமுறை கேட்டார், மெதுவாக. ஆனால் இந்தத் தடவை ‘வோத்ர் மரி’ இல்லை, ‘தோன் மரி’. உங்கள் கணவர் போய் உன் புருஷன் ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லிலேயே என் மரியாதை போனதும் காரியம் போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிரெஞ்சு படிக்காமல் போயிருந்தால் அதுவாவது தெரியாமல் இருந்திருக்கும்.

பந்தாங், துவான், பந்தாங் என்று மலாயில் கத்தினேன். சொல்லக்கூடாத வழக்கம் என்று அங்கே குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மலாய்க் கிராணிக்குப் புரிந்தது. அவர் எழுந்து நின்று ஏதோ எடுத்துச் சொன்னார், நல்ல மனுஷன். ஆபீசர் கேட்கவில்லை. புருஷன் பெயர் சொல்லத் தெரியாதவள் பெண்சாதி இல்லை, பத்திரம் விலைக்கு வாங்கினது, அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். பத்திரத்தையும் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்து சொன்னதும் சாரதாம்பாள் நடுரோட்டில் என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே! ஏசி முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, ‘பே பா’ என்று ஏன் சொன்னாய், ‘துவா பா’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றாள். முடியாது என்பது வேறு, கூடாது என்பது வேறு. கூடாது என்றிருந்தால் ஏன் கூடாது என்றாவது கேட்டிருப்பானாம். கேட்டிருப்பானா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு வாரம் போல மனத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆனது ஆகட்டும், சொல்லிவிடுகிறேன் என்று திரும்பவும் போனேன். தங்கள் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அந்த ஆபீசரைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டார்களாம். புதிதாக வந்தவருக்குப் பிரெஞ்சே தெரியாதாம். அந்த மலாய்க் கிராணி என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி யாரிடம் போவது? என்ன பாஷை படிப்பது? ஒன்றும் தெரியவில்லை எனக்கு. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகவும் ஆள் இல்லை, எழுதிப் பெட்டியில் வைக்கிறேன்.

தாங்கள் ஏசினாலும் சரி. நேரில் வந்து ஏசுங்கள்.

கமலவேணி


காஜா பேராங்
தை மாதம், பொங்கல் கழித்து

சயாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

டிரெஸர் கருணாகரன் திரும்பி வந்துவிட்டார். குளிர்காய்ச்சலில் எலும்பும் தோலுமாகி, இனி உதவமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் வந்தபோது யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்தேன். நான் எழுதிய முதல் கடிதத்தை, மழையில் நனைந்து காய்ந்தபடி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேடினாராம். தேடாமல் இல்லை. அவர் போன முகாம்களில் எல்லாம் ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். இருந்தவர்களில் தாங்கள் இல்லை. போனவர்களில் உண்டா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதம்மா என்றார். ஏன் என்று கேட்டேன். அங்கே யாருக்கும் பெயர் இல்லையாம். கழுத்தில் எண் போட்ட தகரத்துண்டு ஒன்று. கூப்பிடுவதும் அந்த எண்ணை வைத்து, சோறு போடுவதும் அந்த எண்ணை வைத்து, குழியில் போட்டால் குறித்துக்கொள்வதும் அந்த எண்தானாம். பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்கே இவன் பெயர் தெரியாதாம். காய்ச்சல் முற்றிய சிலர், என் பெயர் இது, என் பெயர் இது என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டு கிடப்பார்களாம். அவர்கள் பெயரைக் கேட்க ஆள் இல்லை, அதுதான் என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன், அணைத்தேன், திரும்ப மூட்டினேன். என் புத்தியில் அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மனுஷர் இல்லை. இங்கே நானும் கூப்பிடுவதில்லை. அப்படியானால் இந்தப் பூமியில் தங்கள் பெயரை யார்தான் சொல்வது? தங்கள் அம்மா போய்விட்டாள், அப்பா போய்விட்டார். பத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டான்.

கொல்லையில் கிழங்குப் பாத்திக்குப் போனேன். கூப்பிட்டேன். முதலில் வாய்க்குள்ளே. அப்புறம் கொஞ்சம் உரக்க. அப்புறம் தொண்டை கிழிய. வேலாயுதம்! வேலாயுதம்! வேலாயுதம்!

வாசல்பக்கமாகச் சிவகாமசுந்தரி ஓடி வந்தாள், கையில் மாவோடு. என் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததைக் கேட்டு, தாங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டாளாம். வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள், கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். மாவுக் கையாலேயே என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் மலாயில் ஏதோ சொன்னாள், நான் தமிழில் ஏதோ சொன்னேன். இரண்டு பேருக்கும் புரிந்தது.

பெயரைச் சொன்னதால் வரும் குறை எதுவானாலும் என் ஆயுசில் கழித்துக்கொள்ளச் சொல்லி மாரியம்மனிடம் ஒப்பந்தம் பேசிவிட்டேன். அவளுக்கு அது சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என்னால் ஆனது இவ்வளவுதான்.

சாரதாம்பாளிடமும் போய்ச் சொன்னேன். கிழங்கைத் துருவிக்கொண்டே முழுசாகச் சொன்னேன்: மோன் மரி சப்பெல் வேலாயுதம். அவள் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதில் திருத்த ஒன்றும் இல்லை, கமலவேணி என்றாள்.

சுங்கை பட்டாணியிலிருந்து சயாமுக்கு ஆள் போகிறார்களாம். இந்த மூன்று கடிதத்தையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு, அப்பக்கம் போகிற ஒருவரிடம் கொடுக்கிறேன். உறையின் மேல் இந்தத் தடவை அப்பாசாமி அண்ணன் எழுதவில்லை. நானே எழுதினேன், தமிழில், பெரிய எழுத்தாக. இதுவரை எழுதாத பெயரா, ‘யு’ கொஞ்சம் கோணலாகிவிட்டது. அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் விளக்கு வைக்கிறபோது கூப்பிடுகிறேன். கொட்டகையில் கிடந்தாலும், காட்டில் இருந்தாலும், வேறு எங்கே இருந்தாலும் சரி, நான் கூப்பிட்டால் நீங்கள் எப்போதும் எரிச்சலாக ஒரு ‘ம்’ கொட்டுவீர்களே, அதைக் கொட்டுங்கள். அது எனக்குக் கேட்காது, தெரியும். கொட்டுங்கள். அந்த எண்ணுக்குத் திரும்பிப் பார்க்காதீர்கள், இந்தப் பெயருக்கு மட்டும் திரும்பிப் பாருங்கள்.

ஓ ரெவுவார்.

இப்படிக்கு,
வேலாயுதம் மனைவி
கமலவேணி